வீட்டு வாடகையும் வழிச் செலவும்

நகரத்தில் குடியேறும் குடும்பம் வீடு தேடிப் புறப்படும்போது முதலில் கேட்கும் கேள்வி, வாடகை எவ்வளவு என்பதே. அடுத்து வருவது முன்பணம். தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வரும், பணியிடம் சென்று திரும்ப எவ்வளவு நேரம் பிடிக்கும், அக்கம்பக்கம் எப்படிப்பட்டது என்பனவெல்லாம் பிறகே தெரிய வருகின்றன. சில வேளைகளில் குடிபுகுந்த பின்னரே தெரிகின்றன. வாடகை ஒரே எண்ணாகக் கண்முன் நிற்கிறது. மற்றச் செலவுகளோ, பெட்ரோலாகவும் பேருந்துக் கட்டணமாகவும் தூக்கமிழந்த காலை நேரமாகவும் சிதறிக் கிடக்கின்றன. ஆதலின் அவற்றைக் கூட்டிப் பார்ப்பவர் மிகச் சிலரே. ஒரு வீட்டின் உண்மையான விலை இந்தக் கூட்டுத் தொகைதான் என்பது பொருளாதார நூல்களில் நெடுங்காலமாகக் கூறப்பட்டு வந்துள்ளது. அதை நேரில் காண்பதற்குப் பெருநகரங்களைவிடச் சிறு நகரம் ஒன்றே ஏற்றது எனலாம். அங்கே தூரங்கள் குறைவு. காரணங்கள் தெளிவாகத் தெரியும்.

அந்தமான் தலைநகர் ஸ்ரீ விஜயபுரம் அத்தகைய ஒரு நகரம். 2024 செப்டம்பரில் இப்பெயர் அறிவிக்கப்படும் வரை இது போர்ட் பிளேர் என்று வழங்கியது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இதன் மக்கள்தொகை ஓர் இலட்சத்தைச் சற்றே கடந்திருந்தது. தீவுகள் அனைத்தின் மக்கள்தொகை 3,80,581. அவர்களில் சுமார் 15 சதவீதத்தினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். அலுவலகங்களும் துறைமுகமும் கடைகளும் நகரின் பழைய பகுதிகளான அபர்தீன் கடைவீதி, ஹாடோ, ஜங்லிகாட் ஆகியவற்றைச் சூழ்ந்து அமைந்துள்ளன. விமான நிலையத்தைக் கடந்து தெற்கே கராச்சரமா செல்லும் பாதையில் உள்ள குடியிருப்புப் பகுதி பத்துபஸ்தி. நகருக்குள் வாடகை கட்டுப்படியாகாதவர்களும், சற்றே விசாலமான வீட்டை நாடுபவர்களும் எண்ணிப் பார்க்கும் இடங்களில் இது ஒன்று.

நிலம் ஏன் அரிதாயிற்று?

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் பரப்பு 8,249 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகையோடு வகுத்துப் பார்த்தால் இங்கே இடத்திற்குப் பஞ்சமே இல்லை என்று தோன்றும். ஆனால் இப்பரப்பில் 86 சதவீதத்திற்கும் மேற்பட்டது சட்டப்படி காடாகப் பதிவு செய்யப்பட்டது. எஞ்சிய சிறு பகுதியிலேயே வயலும் தோப்பும் சாலையும் ஊரும் அடங்க வேண்டும். தலைநகரைச் சுற்றிய நிலமோ குன்றும் சரிவுமானது. கட்டுமானச் செலவும் மிகுதி. சிமெண்டும் இரும்பும் சென்னை, கொல்கத்தா, விசாகப்பட்டினம் ஆகிய துறைமுகங்களிலிருந்து கப்பலேறி வர வேண்டும். கடற்கரை மணலை அள்ளுவதைப் படிப்படியாகக் குறைக்குமாறு உச்ச நீதிமன்றம் 2002 மே மாதம் ஆணையிட்டது; கரையைக் காக்க அது தேவையானதே. எனினும் மணலின் விலை அதனால் உயர்ந்தது. மேலும் இத்தீவுகள் நிலநடுக்க அபாயம் மிகுந்த ஐந்தாம் மண்டலத்தில் உள்ளன. 1941 ஜூனிலும் 2004 டிசம்பரிலும் நேர்ந்த பெரும் அதிர்வுகளை அறிந்தவர்கள், கம்பியையும் சிமெண்டையும் குறைத்துக் கட்டிய மாடி வீட்டை மலிவு என்று கருத மாட்டார்கள். இத்தனையும் சேர்ந்தே நகர் மையத்தின் வாடகையை நிர்ணயிக்கின்றன.

மையத்திலிருந்து விலக விலக வாடகை குறைவது ஏன் என்பதை முதன்முதலில் ஒழுங்காக விளக்கியவர், ஜெர்மனியில் பண்ணை நடத்திவந்த வான் தூனென். 1826இல் வெளிவந்த தமது நூலில் அவர் பேசியது வீட்டைப் பற்றியன்று, விளைநிலத்தைப் பற்றி. சந்தைக்கு அருகிலுள்ள நிலத்திற்குக் குத்தகை அதிகம், தொலைவிலுள்ளதற்குக் குறைவு, இரண்டிற்கும் உள்ள வேறுபாடு வண்டிக் கூலிக்கு ஈடு. 1964இல் வில்லியம் அலான்சோ என்னும் அமெரிக்க அறிஞர் இதே கருத்தை நகரக் குடியிருப்புக்குப் பொருத்தினார். விளைபொருளின் இடத்தில் மனிதன். சந்தையின் இடத்தில் அலுவலகம். விளிம்பில் கிடைக்கும் வாடகைச் சலுகை உண்மையில் சலுகையன்று; நாள்தோறும் வழியில் செலவாகும் பணத்திற்கும் காலத்திற்கும் சந்தை தரும் ஈடு அது.

கருத்து எளியது. ஆனால் இந்த ஈடு எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே தொகையாகவே கிடைக்கிறது. இழப்போ குடும்பத்துக்குக் குடும்பம் மாறுபடுகிறது. வீடு தேடுவோர் பெரும்பாலும் தவற விடுவது இதைத்தான்.

ஒரு கணக்கு

விளக்கத்திற்காக மட்டும் சில எண்களைக் கற்பனை செய்து கொள்வோம். அபர்தீன் அருகே இரண்டு அறைகள் கொண்ட வீட்டுக்கு மாத வாடகை ரூ.14,000 என்றும், அதே அளவு வீட்டுக்குப் பத்துபஸ்தியில் ரூ.10,000 என்றும் வைத்துக் கொள்வோம். மிச்சம் ரூ.4,000. அலுவலகம் நகர் மையத்தில் உள்ளது. பத்துபஸ்தியில் குடியிருப்பவர் நாளொன்றுக்குப் போகவும் வரவுமாகப் பத்து கிலோமீட்டர் கூடுதலாக ஸ்கூட்டர் ஓட்டுகிறார். மாதம் 24 வேலை நாட்களுக்கு 240 கிலோமீட்டர். எரிபொருள், தேய்மானம், பழுது அனைத்தும் சேர்த்துக் கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய் எனில் ரூ.720 ஆகிறது. பலர் கணக்கை இவ்விடத்திலேயே முடித்துக் கொண்டு மூவாயிரத்துச் சொச்சம் மிச்சம் என்று மகிழ்கிறார்கள்.

காலத்தின் விலையைச் சேர்க்க வேண்டும். போக்குவரத்துத் திட்டங்களை மதிப்பிடும் பொருளாதார அறிஞர்கள், பணிக்குச் சென்றுவரும் நேரத்தை ஊதியத்தில் ஏறத்தாழப் பாதியாக மதிப்பது வழக்கம். நாளொன்றுக்கு 40 நிமிடம் கூடுதலாகச் செலவானால் மாதத்தில் 16 மணி நேரம். அதாவது முழுதாக இரண்டு வேலை நாட்கள். மணிக்கு ரூ.240 ஊதியம் பெறுபவருக்கு இதன் மதிப்பு, மணிக்கு ரூ.120 வீதம், ரூ.1,920. வழிச்செலவோடு சேர்த்தால் ரூ.2,640. அப்போதும் பத்துபஸ்தி வீடே ரூ.1,360 இலாபமானது.

இனி, மனைவியும் அதே நகர் மையத்தில் அதே ஊதியத்தில் பணிபுரிகிறார் எனக் கொள்வோம். தனித்தனி வண்டியில் சென்றால் இழப்பு ரூ.5,280, மிச்சமான ரூ.4,000 போதாது. இருவரும் ஒரே ஸ்கூட்டரில் சென்றாலும், காலத்தின் மதிப்பு இரட்டிப்பதால், இழப்பு ரூ.4,560. இதிலும் மைய வீடே முந்துகிறது. வாடகை குடும்பத்திற்கு ஒன்றுதான். பயணம் தலைக்கு ஒன்று. நகரத்துப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் கணக்கு மேலும் மையத்தின் பக்கமே சாயும். மாறாக, ஒருவர் கராச்சரமாவிலோ விமான நிலையத்திலோ பணிபுரிந்து, பிள்ளைகள் அருகிலுள்ள பள்ளியிலேயே படித்தால், பத்துபஸ்தி வீட்டை விட்டு நகருக்குள் செல்வது வீண் செலவாகும். ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் இரு குடும்பங்களில் ஒன்று சரியாகவும் மற்றொன்று பிழையாகவும் தேர்ந்திருக்கக் கூடும்.

காலத்திற்கு ஊதியத்தில் பாதி என்று மதிப்பிடுவதும் குறைவே என்று கருத இடமுண்டு. ஜெர்மானியக் குடும்பங்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கேட்டுத் திரட்டிய தகவல்களைக் கொண்டு, ஸ்விட்சர்லாந்துப் பொருளாதார அறிஞர்களான ஸ்டுட்சர், ஃப்ரை இருவரும் 2008இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நெடும் பயணம் மேற்கொள்பவர்கள் நல்ல வீடோ நல்ல ஊதியமோ அதற்கு ஈடாகப் பெற்றிருப்பார்கள். எனவே மனநிறைவில் மற்றவர்க்குக் குறைந்திருக்க மாட்டார்கள் என்பது கோட்பாடு. ஆய்வில் கண்டதோ, பயண நேரம் கூடக் கூட மனநிறைவு குறைந்திருந்தது என்பதே. மக்கள் வீட்டின் அகலத்தைக் கண்ணால் அளந்து விடுகிறார்கள். நாள்தோறும் சாலையில் நிற்கப் போகும் அலுப்பை முன்கூட்டி அளப்பதில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாம்.

அந்தமானில் இந்த அலுப்புக்கு உள்ளூர்க் காரணங்களும் உண்டு. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை; மே முதல் டிசம்பர் வரை குடையும் மழைச்சட்டையும் இன்றி இரு சக்கர வண்டியில் புறப்பட இயலாது. நாட்டின் நிர்ணய நேரம் அலகாபாத் அருகே செல்லும் தீர்க்கரேகையை ஒட்டியது. தீவுகளோ அதற்கு வெகு கிழக்கே உள்ளன. ஆதலின் நவம்பர், டிசம்பர் மாதங்களில் மாலை ஐந்து மணியளவிலேயே ஞாயிறு மறைந்து விடுகிறது. அலுவலகம் விட்டு வீடு திரும்புவது ஏறத்தாழ இருட்டில்தான். வீடு பார்ப்பவர்கள் வெயில் காயும் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பார்ப்பதே வழக்கம். மழை பெய்யும் வேலை நாளில் மாலை ஆறு மணிக்கு ஒருமுறை அலுவலகத்திலிருந்து அந்த வீடு வரை சென்று பார்ப்பது கூடுதல் பயன் தரும்.

நீர்க்கால் ஒன்று குறுக்கிட்டால் நிலைமை இன்னும் வேறு. துறைமுகத்தின் மறுகரையில் உள்ள பம்பூஃபிளாட், வரைபடத்தில் நகருக்கு மிக அருகில் உள்ளது. சாத்தாமிலிருந்து படகில் சென்றால் சில நிமிடப் பயணமே. சாலை வழியே சுற்றிச் சென்றால் பல மடங்கு தூரம். அங்கே குடியிருப்பவர் கிலோமீட்டர்க் கணக்கில் வாழ்வதில்லை. படகு நேரத்தின்படி வாழ்கிறார். கடைசிப் படகைத் தவறவிடும் ஒரு மாலையின் விலை, பல நாள் பயணச் செலவுக்குச் சமம். பயணத்தின் சராசரி நேரத்தைவிட, அந்த நேரம் எத்துணை நம்பகமானது என்பதே பெரிது என்று போக்குவரத்து அறிஞர்கள் கூறுவது இத்தகைய இடங்களில் நன்கு விளங்கும்.

சுற்றுப்புறம் என்பது யாது?

வாடகையும் பயணமும் ஒருவாறு எண்ணில் அடங்குகின்றன. சுற்றுப்புறத்தின் தரம் அவ்வாறு அடங்குவதில்லை. எனினும் அதன் ஒரு பகுதியை அளக்கலாம். அந்தமானில் அப்பகுதியின் பெயர் தண்ணீர். இவ்வளவு மழை பெய்தும் கோடையில் தலைநகர் தாகத்தால் தவிப்பது வெளியூரார்க்கு வியப்பளிக்கும். நிலம் சரிவானது, மழைநீர் விரைந்து கடலைச் சேர்கிறது. 1973இல் கட்டப்பட்ட தனிகாரி அணையே நகரின் முதன்மையான நீர் ஆதாரம். மழை நின்று சில மாதங்கள் சென்றதும் நீர்மட்டம் குறைகிறது. குழாய் நீர் சில நாட்களுக்கு ஒருமுறை என்றாகிறது. இந்நிலையில் கிணறோ, கூரை நீரைச் சேமிக்கும் தொட்டியோ உள்ள வீட்டுக்கும், இரண்டும் இல்லாத வீட்டுக்கும் வாடகை ஒன்றாக இருந்தாலும் விலை ஒன்றன்று. லாரித் தண்ணீருக்குச் செலவிடும் தொகையை ஆண்டு முழுவதற்கும் பகிர்ந்து வாடகையோடு சேர்த்தே ஒப்பிட வேண்டும். மேட்டில் உள்ள வீட்டுக்கு நீர் ஏறுமா, பள்ளத்தில் உள்ள வீட்டில் மழைநீர் தேங்குமா என்பவையும் இதே வகைக் கேள்விகள். 2004 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் நிலமட்டம் தாழ்ந்து, சிப்பிகாட் போன்ற தாழ்வான இடங்களில் கடல்நீர் புகுந்து நிலைத்து விட்டதை இங்குள்ளோர் மறக்கவில்லை.

அளக்க இயலாத மறுபகுதி, மனிதர்கள். இதைப் பற்றி நமது நாட்டிலேயே நடந்த ஆய்வு ஒன்று ஆழ்ந்து கவனிக்கத் தக்கது. ஆமதாபாத்தில் 1987இல், சேவா அமைப்பைச் சேர்ந்த பீடித் தொழிலாளர்களான பெண்களுக்குக் குலுக்கல் முறையில் புதிய வீடுகள் ஒதுக்கப்பட்டன. வாடகை குறைவு, பிற்காலத்தில் வீடு சொந்தமாகவும் வாய்ப்பு. பழைய இருப்பிடங்களைவிடக் கட்டடம் நன்று. ஆனால் நகர மையத்திலிருந்து 12 கிலோமீட்டர் தொலைவு. பதினான்கு ஆண்டுகள் சென்றபின், குலுக்கலில் வீடு பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டனர். ஷரண் பார்ன்ஹார்ட், எரிக்கா ஃபீல்ட், ரோகிணி பாண்டே ஆகியோர் 2017இல் வெளியிட்ட முடிவுகளின்படி, வீடு பெற்றவர்களில் 34 சதவீதத்தினர் அங்கே குடிபோகவே இல்லை. மேலும் 32 சதவீதத்தினர் குடிபோய்ப் பின்னர் வெளியேறினர். குடும்ப வருமானத்திலும் பிள்ளைகளின் நிலையிலும் முன்னேற்றம் எதுவும் காணப்படவில்லை. உறவினரிடமிருந்தும் தம் சமூகத்தாரிடமிருந்தும் விலகிப் போனதால், நோய் நொடி வந்தபோது கைம்மாற்று வாங்கவும் ஆளில்லாத நிலை ஏற்பட்டது.

மூன்றில் இரண்டு பங்கினர் மலிவான நல்ல வீட்டைக் கைவிட்டார்கள் என்றால், அவர்கள் அறியாமையால் அவ்வாறு செய்தனர் என்று ஓர் அதிகாரி கருதுவது எளிது. ஆனால் அண்டை வீட்டாரிடம் பிள்ளையை விட்டுச் செல்வதும், கடைக்காரரிடம் கடன் சொல்வதும், அவசரத்துக்கு மாமாவை அழைப்பதும் அவர்களது வாழ்க்கையின் காப்பீடு. அந்தக் காப்பீட்டுக்கு மாதந்தோறும் கூடுதல் வாடகை செலுத்தவும் அவர்கள் முன்வந்தனர் என்று கொள்வதே முறை. இராமநாதபுரத்திலிருந்தோ தூத்துக்குடியிலிருந்தோ அந்தமானுக்கு வரும் தமிழ்க் குடும்பம், தன் ஊரார் வாழும் பகுதியிலேயே முதல் வீட்டைத் தேடுவதற்கும் இதுவே காரணம். கடல் கடந்து உறவை உடனே வரவழைக்க இயலாத இடத்தில் இக்காப்பீட்டின் மதிப்பு மேலும் அதிகம்.

இதற்கு மாறான சான்றும் உண்டு. அதையும் மறைத்தல் ஆகாது. அமெரிக்காவில் 1994இல் தொடங்கி ஐந்து பெருநகரங்களில், வறுமை மிகுந்த பகுதிகளில் வாழ்ந்த குடும்பங்களுக்குக் குலுக்கல் வழியே வாடகை உதவிச் சீட்டு வழங்கி, வறுமை குறைந்த பகுதிகளுக்குச் செல்ல வழி செய்தனர். தொடக்கத்தில் பெற்றோரின் வருமானம் உயரவில்லை என்று கண்டு பலர் சலிப்புற்றனர். ஆனால் ராஜ் செட்டியும் அவர்தம் சகாக்களும் 2016இல் வெளியிட்ட ஆய்வு, 13 வயதுக்கு முன்பே புதிய பகுதிக்குச் சென்ற பிள்ளைகள் வளர்ந்தபின் ஈட்டிய வருமானம் மற்றவர்களைவிட 31 சதவீதம் அதிகம் என்று காட்டியது. வயது முதிர்ந்த பின் சென்ற பிள்ளைகளுக்கு இந்தப் பயன் இல்லை. இரு ஆய்வுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். அமெரிக்காவில் சிறந்த பள்ளியும் பாதுகாப்பும் உள்ள பகுதிக்குக் குடும்பங்கள் சென்றன; ஆமதாபாத்தில் சிறந்த கட்டடத்துக்குச் சென்றன. சிறு பிள்ளைகள் உள்ள குடும்பம் கூடுதல் வாடகை தர நேர்ந்தால், அதைக் கூடத்தின் அகலத்துக்காகத் தருவதைவிட, நல்ல பள்ளிக்கு நடந்து செல்லும் தூரத்துக்காகத் தருவதே அறிவுடைமை.

அரசு ஊழியரும் வாடகைப்படியும்

தீவுகளில் அரசுப் பணியே பெரிய வாழ்வாதாரம் என்பதால், வாடகைப்படி விதிகள் வீட்டுச் சந்தையை நேராகத் தொடுகின்றன. மக்கள்தொகையை மட்டும் கருதினால் இந்நகர் மிகக் குறைந்த விகிதம் பெறும் வகையிலேயே சேர வேண்டும். எனினும் ஷில்லாங், கோவா ஆகியவற்றைப் போலவே இதற்கும் சிறப்பு ஆணையின்படி நடுத்தர நகரங்களுக்குரிய 'ஒய்' வகை விகிதம் அளிக்கப்பட்டது. ஏழாவது ஊதியக் குழுவை ஒட்டி 2017 ஜூலையில் 16 சதவீதமாக இருந்த இவ்விகிதம், அகவிலைப்படி உயர்வைத் தொடர்ந்து 2021 ஜூலையில் 18 ஆகவும், 2024 ஜனவரியில் 20 ஆகவும் உயர்ந்தது. ரூ.40,000 அடிப்படை ஊதியம் பெறும் ஒருவருக்கு 20 சதவீதம் ரூ.8,000 ஆகும்.

இப்படி பணியிடத்தை ஒட்டிக் கணக்கிடப்படுகிறது, குடியிருக்கும் இடத்தை ஒட்டியன்று என்பது கவனிக்கத் தக்கது. நகர மையத்தில் வசித்தாலும் பத்துபஸ்தியில் வசித்தாலும் தொகை ஒன்றே. ஆகவே விளிம்பில் குடியேறுபவர் வாடகை மிச்சத்தை முழுமையாகத் தம்மிடமே வைத்துக் கொள்கிறார். விளிம்பு நோக்கி நகர இது மெல்லிய தூண்டுதல். அரசுக் குடியிருப்பு கிடைப்பவர் செய்ய வேண்டிய கணக்கு வேறு. உரிமக் கட்டணம் சிறு தொகை என்பதால் அதை இலவச வீடு போல எண்ணுவோர் உண்டு. கைவிடும் வாடகைப்படியும் சேர்ந்ததே அவ்வீட்டின் விலை. அவ்வாறு கூட்டிப் பார்த்தும், மையத்தில் நீர் வசதியோடு அமைந்த அரசுக் குடியிருப்பு பெரும்பாலும் மலிவாகவே இருக்கும். காத்திருப்போர் பட்டியல் நீள்வதற்கு அதுவே காரணம்.

தேர்வு இல்லாதவர்கள்

இதுவரை கூறியவை, தேர்ந்தெடுக்கும் வசதி உள்ளவர்களுக்கே பொருந்தும். அரசே இடத்தைத் தேர்ந்து மக்களை அங்கு அனுப்பும்போது, கணக்கில் நேரும் பிழை ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பிழையாகிறது. சென்னையில் 2000ஆம் ஆண்டையொட்டிக் கண்ணகி நகரும், பின்னர் பெரும்பாக்கமும் அவ்வாறு உருவாயின. நகரின் ஆற்றங்கரைகளில் வாழ்ந்தவர்கள், குறிப்பாக 2015 வெள்ளத்திற்குப் பின், தெற்கு விளிம்பிலுள்ள அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டனர். கரையோரக் குடிசையைவிடக் கான்கிரீட் வீடு பாதுகாப்பானது என்பதில் ஐயமில்லை. ஆனால் வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் மீன் விற்கவும் நடந்தே சென்றுவந்த பெண்கள், இருபது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரத்தைப் பேருந்தில் கடக்க வேண்டியதாயிற்று. அதிகாலையில் பணி தொடங்கும் வீட்டு வேலையைப் பலர் விட நேர்ந்தது. நாட்டில் பணிக்குச் சென்றுவருவோர் பயணம் பற்றி 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு முதன்முறையாகத் தகவல் திரட்டியபோது, விவசாயம் சாராத தொழிலாளர்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேற்பட்டோர் நடந்தே பணிக்குச் செல்வது தெரிய வந்தது. நடந்து செல்பவருக்குப் பயணச் செலவு சுழியம். அவரை விளிம்பில் குடியேற்றும்போது உயர்வது ஒரு செலவு அன்று. புதிதாக ஒரு செலவே பிறக்கிறது.

ஆகவே வீட்டு வசதித் திட்டம் ஒன்றை மதிப்பிடும் அலுவலர், சதுர அடி விலையோடு நின்று விடாமல், குடியேறப் போகும் குடும்பத்தில் பணிக்குச் செல்வோர் எத்தனை பேர், இப்போது எங்கே செல்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகளையும் கேட்க வேண்டும். இவற்றுக்கு விடை காணப் பெரிய ஆய்வு தேவையில்லை. குடும்ப அட்டை விவரம் சேகரிக்கும்போதே கேட்டுவிடலாம். அந்தமானைப் பொறுத்தவரை, பத்துபஸ்தி போன்ற இடங்களில் நகர மையத்தின் வாடகை அழுத்தத்தைக் குறைக்கும் ஆற்றல் உண்டு. அதற்கு வேண்டுவது புதிய வீடுகள் மட்டுமல்ல. அலுவலகம் விடும் நேரத்தில் தவறாது வரும் பேருந்து, தெரு விளக்கு, கோடை நீருக்கு ஒரு மாற்று ஆதாரம், நடந்து செல்லும் தூரத்தில் நல்ல பள்ளி ஆகியவை வந்து விட்டால், மேலே கண்ட கணக்கில் இரண்டாவது ஊழியரின் இழப்பு சுருங்கும். ஆனால் சுருங்கிய இழப்பு சில ஆண்டுகளில் வாடகை உயர்வாக வீட்டு உரிமையாளரைச் சென்றடையும் என்பதையும் அலான்சோவின் கோட்பாடே எச்சரிக்கிறது. பேருந்து வசதி வந்ததும் வாடகை ஏறுவது உலகெங்கும் கண்ட உண்மை.

அங்கேதான் குத்தகைச் சட்டத்தின் பங்கு வருகிறது. 2021 ஜூனில் மத்திய அரசு வெளியிட்ட மாதிரிக் குத்தகைச் சட்டம், எழுத்து மூலமான ஒப்பந்தத்தை வலியுறுத்தி, குடியிருப்பு வீட்டுக்கு முன்பணம் இரண்டு மாத வாடகைக்கு மேற்படலாகாது என்று வரையறுத்தது. அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கென ஒரு குத்தகை ஒழுங்குமுறைக்கு மத்திய அமைச்சரவை 2023 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. ஒப்பந்தக் காலம் முடியும் வரை வாடகை எவ்வளவு என்பது எழுத்தில் இருந்தால், பேருந்து வருவதற்கு முன் குடியேறிய குடும்பம், பேருந்து வந்த பின் ஓரிரு ஆண்டுகளேனும் அதன் பயனைத் தானே அனுபவிக்கும்.